கொடுத்தவர்: திமிங்கலம்

“உங்கப்பா அந்தத் திமிங்கலத்துக்கு என்ன முறை வேணும்?”

அருங்காட்சியகத்தின் ஏழாம் எண் கவுண்ட்டரில்தான் அவளிடம் இப்படிக் கேட்டார்கள். கேட்டவர் பதிவேட்டு எழுத்தர். ஆள்காட்டி விரலில் தாள் புரட்டும் ரப்பர் உறை, காதிடுக்கில் பென்சில். முகத்தில் கேலியின் நிழல்கூட இல்லை. பிறந்த தேதி கேட்கிற குரலில்தான் கேட்டார்.

“சார்?” என்றாள் அவள்.

“உறவும்மா, உறவு. பொருள் கொடுத்தவருக்கும் மனுவுல இருக்கற ஆளுக்கும் என்ன உறவு? அந்தக் கட்டம் காலியா இருந்தா உள்ள வாங்க மாட்டாங்க.”

“கொடுத்தவரே எங்கப்பாதான் சார்.”

எழுத்தர் தடித்த பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிவைத்து, ரப்பர் விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ‘பொருள்: ஒட்டுமீன், ஒன்று. கொடுத்தவர்: திமிங்கலம்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படித்தால் மாறிவிடுமோ என்று இன்னொரு தடவையும் படித்தாள்.

“உங்கப்பா பேரு திமிங்கலமா?” எழுத்தர் உதவி செய்யும் எண்ணத்தோடு கேட்டார். “பட்டப்பேரா இருந்தாலும் பரவால்ல. ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தா போதும்.”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். தையற்கடையில் காஜா எடுப்பவள் அவள். காலை முதல் மாலைவரை பொத்தான் துளைகளோடு பழகிப் பழகிப் பேச்சே குறைந்துபோனவள். “ஏன்டி, வாயில ஊசியா வெச்சிருக்கே?” என்று கடைக்கார அம்மா கேட்பாள். பாதி நேரம் உண்மையிலேயே வைத்திருப்பாள். அப்படிப்பட்டவள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் அப்பா.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் அப்பா படகுப் பட்டறையில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலை, கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில், பட்டறைக்குப் பக்கத்து மணல்திட்டில் ஒரு திமிங்கலம் ஏறி மாட்டிக்கொண்டது. எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா மட்டும் பம்புக் குழாயை இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் மறுபடி ஏறும்வரை, ஏழு மணி நேரம் அதன் முதுகை நனைத்துக்கொண்டே நின்றார். சாயங்காலம் அது போய்விட்டது. போகிற போக்கில் அதன் விலாவிலிருந்து கழன்ற மீன் ஒன்று அப்பாவின் முன்கையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்றரைச் சாண் நீளம். தலைமேல் ரப்பர் செருப்பின் அடிபோல வரிவரியாக ஒரு தட்டு. அப்பா பிய்த்துப் பார்த்தார், வரவில்லை. கையோடு மீனையும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் நடந்தே இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தார். இங்கே வைத்துத்தான் அந்தக் கால ஊழியர் ஒருவர் மீனைக் கையிலிருந்து எடுத்து ஜாடியில் போட்டார்.

அப்பாவின் ஆயுளில் நடந்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அதை யாரும் நம்பவில்லை என்பதுதான் அடுத்த பெரிய காரியம். அம்மாவின் தம்பி வரும்போதெல்லாம், “என்ன திமிங்கல மச்சான், கூட்டாளி கடுதாசி போட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அம்மா இன்னும் கெட்டிக்காரி. “அன்னைக்கு நனைஞ்சு வந்தது நெசம். எங்க போய் விழுந்து எழுந்தாரோ, அது எனக்குத் தெரியாது” என்பாள்.

போன மாதம் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. அருங்காட்சியகம் ‘கொடையாளர் சுவர்’ ஒன்று எழுப்புகிறதாம். இதுவரை பொருள் கொடுத்த எல்லாருடைய பெயரையும் கல்லில் பொறிக்கப் போகிறார்களாம். அப்பா அந்தத் துண்டைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தார். ஐந்தாம் நாள், “பாப்பா, எம் பேரு இருக்கான்னு மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறியா?” என்றார். மகளிடம் அவர் இதுவரை எதுவும் கேட்டதில்லை. தண்ணீர்கூடத் தானே எழுந்து போய்க் குடிக்கிறவர்.

இருந்தது திமிங்கலத்தின் பெயர்.

“இது தப்பா எழுதினதில்லம்மா,” என்று எழுத்தர் பொறுமையாக விளக்கினார். “விதி ஏழு. ஒரு உயிர் மேல ஒட்டியிருந்த இன்னொரு உயிரை எடுத்தா, எது மேல இருந்து எடுத்தோமோ அதுதான் கொடுத்தவர். இங்க பாருங்க. உண்ணி பன்னிரண்டு, கொடுத்தவர் நாய். பேன் நாற்பது, கொடுத்தவர் குதிரை. எல்லாருக்கும் ஒரே விதிதான். நாங்க யாருக்கும் பாரபட்சம் பாக்கறதில்ல.”

“நாய்க்குமா சார் பேரு போடுவாங்க, கல்லுல?”

“பின்ன? கொடுத்திருக்கே!”

எழுத்தர் நல்ல மனிதர். அவள் முகம் வாடியதைப் பார்த்து, பக்கத்திலிருந்த அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுக்கட்டாகக் கடித உறைகள். பன்னிரண்டு வருடங்களாகக் கொடையாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் நன்றிக் கடிதம் அனுப்புகிறார்கள். திமிங்கலத்துக்கு ‘கடல்’ என்ற முகவரிக்கு அனுப்பினார்கள். ‘முகவரி போதாது’ என்று திரும்பியது. குழு கூடி, விவாதித்து, அடுத்த வருடத்திலிருந்து ‘பெருங்கடல்’ என்று திருத்தினார்கள். அதுவும் திரும்பியது. திரும்பி வந்தவற்றுக்குத் தனிப் பதிவேடு, தனி அலமாரி, தனிப் பூட்டு.

“அனுப்பாம விட்டுடலாமே சார்?”

“அது மரியாதை இல்லம்மா,” என்றார் எழுத்தர்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “பேரு இருக்கு, ஆனா கொஞ்சம் மாத்தி எழுதியிருக்காங்க” என்று அவள் மென்று முழுங்கினாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “எழுத்துப்பிழை சகஜம்தான்” என்றார்.

மறுவாரம் அவளை மீன் பிரிவின் காப்பாளரிடம் அனுப்பினார்கள். நிலவறை. சாராய நெடி. தரையிலிருந்து கூரைவரை ஜாடிகள். ஜாடிக்குள் தேநீர் நிறத்தில் மீன்கள். காப்பாளர் அம்மையார் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார். எந்த அலமாரிக்கு உரியவள் என்று யோசிக்கிற பார்வை. பிறகு ஒரு ஜாடியைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

“இதான். தொடக்கூடாது. மூச்சு ரொம்பக் கிட்ட விடக்கூடாது.”

மீன் கண்ணாடியில் தலை முட்டி நின்றது. அந்த வரிவரித் தட்டு அப்படியே இருந்தது. அப்பா இருபது முப்பது வருடமாகக் காற்றில் வரைந்து காட்டிய அதே தட்டு. அவளுக்குக் கண் கரித்தது. சாராய நெடியால் என்று காப்பாளர் நினைத்துக்கொண்டார்.

மீனின் வாலில் ஒரு சின்னத் துண்டுச்சீட்டு நூலால் கட்டியிருந்தது. பென்சில் எழுத்து.

“மேடம், அதுல என்ன எழுதியிருக்கு?”

காப்பாளர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். “பெறப்பட்ட தேதி. இனம். அப்புறம்... கொண்டுவந்தவர்: நனைந்த ஆள் ஒருவர்.”

“அதான் மேடம்! அதான் எங்கப்பா!”

இவ்வளவு சத்தமாக அவள் பள்ளிக்கூடத்தில்கூடப் பேசியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஜாடிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தது போல இருந்தது.

காப்பாளர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “நனைஞ்ச ஆள் யார் வேணாலும் இருக்கலாமே. அது எங்கப்பாதான்னு நாளைக்கு ஊருல பாதிப்பேர் வந்து நிப்பாங்க. குழுவுக்குத்தான் போகணும்.”

குழு மூன்று வாரம் கழித்துக் கூடியது. நீள மேசை, இயக்குநர், காப்பாளர், தலையாட்டுவதற்கு மூன்று பேர். அவளோடு அப்பாவையும் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். எழுத்தர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அப்பா சலவைச் சட்டை போட்டு, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த நிறுவனம் உண்மைக்காக இருக்கற நிறுவனம். ஒரு விஷயம் நடந்ததா இல்லையாங்கறது எங்களுக்கு முக்கியமில்ல. அது பதிவேட்டுல இருக்கா இல்லையாங்கறதுதான் முக்கியம்.” மூன்று பேரும் தலையாட்டினார்கள். “இப்ப விஷயத்துக்கு வருவோம். சம்பவ நாளன்னைக்கு நீங்க நனைஞ்சிருந்தீங்களா?”

“ஆமாங்கய்யா. நல்லா.”

“சாட்சி?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“நான்தாங்க சாட்சி. சொட்டச் சொட்ட வந்து நின்னாரு. மூணு நாள் தும்மினாரு. அந்தச் சட்டையை நாலு தரம் துவைச்சும் மீன் நாத்தம் போகல. கடைசில கிழிச்சு அடுப்புல பாத்திரம் இறக்கற துணியா ஆக்கிட்டேன்.”

“அந்தத் துணி இருக்கா?”

“ஏங்க, முப்பத்தோரு வருஷத்துக் கைப்பிடித் துணியை யாராவது வெச்சிருப்பாங்களா?”

இயக்குநர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். “நாங்க வெச்சிருப்போம்மா.”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தாங்க பாருங்க. வீட்டுல நான் இந்த மனுஷனை நம்பினதில்ல. அது எங்க வீட்டு விஷயம். ஆனா இவரு கையில செருப்புத் தடம் மாதிரி ஒரு அச்சு நாலு நாள் இருந்துச்சு. நான் எண்ணெய் தடவினேன். அதைப் பாத்தேன். அவ்வளவுதான்.”

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

காப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கையிலயா? மீன் உங்க கையில ஒட்டியிருந்ததா? இங்க வந்து சேர்ற வரைக்குமா?”

“ஆமாங்கம்மா. இங்கதான் எடுத்தாங்க. ஒரு ஐயா, கரண்டி மாதிரி ஒண்ண வெச்சு நெம்பி எடுத்தாரு.”

அறையில் ஒரு சலசலப்பு. எழுத்தரே பென்சிலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். “சார், அப்படின்னா விதி ஏழு! எது மேல இருந்து எடுத்தோமோ அதுதான் கொடுத்தவர். எடுத்தது இவர் மேல இருந்து. அப்போ கொடுத்தவர் இவர்தான்!”

தலையாட்டுகிற மூவரும் தலையாட்டினார்கள். இயக்குநர்கூட மெல்லச் சிரித்தார். “விதின்னா அதான். யாரையும் கைவிடாது.”

“ஆனா,” என்றார் காப்பாளர், “தாங்கிய உயிரோட அளவெல்லாம் பதிவேட்டுல இருக்கணும். அந்தக் கட்டம் இவ்வளவு நாளா காலியா இருக்கு.”

அன்றே நிலவறையில் அப்பாவை அளந்தார்கள். மரப்பலகைமேல் படுக்கச் சொன்னார்கள், படுத்தார். காப்பாளர் நாடா பிடித்துச் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். நீளம், நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர். அகன்ற இடத்தில் சுற்றளவு, எண்பத்தொன்பது. முதுகுத் துடுப்பு, இல்லை. வால், இல்லை.

“பல் எத்தனை?”

“இருபத்தி மூணும்மா. ரெண்டு ஆடுது.”

“ஆடறதைச் சேர்க்கலாமா?” காப்பாளர் மேலே போன் போட்டுக் கேட்டார். சேர்க்கலாம், ஆனால் அடைப்புக்குறிக்குள் என்று பதில் வந்தது.

“நிறம்?”

எழுத்தர் அப்பாவைப் பார்த்தார். சங்கடத்தோடு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, “மேல்பக்கம் கருப்பு, அடிப்பக்கம் கொஞ்சம் வெளுப்பு” என்று எழுதினார்.

அப்பா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. எல்லாம் முடிந்து எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார், மீனைப் பார்க்கலாமா என்று. ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“இளைச்சுப் போச்சே,” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் நடையே வேறாக இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா தட்டை நங்கென்று வைத்தாள். “டேய், இனிமே மச்சானைப் பத்திப் பேசணும்னா பதிவேட்டைப் பாத்துட்டு வந்து பேசு.” மாமா திருதிருவென்று விழித்தார்.

இவ்வளவு நல்லது நடந்த பிறகு அந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அருங்காட்சியகத்தில் எதுவும் முடிவதில்லை. அதற்காகத்தான் சாராயத்தில் போட்டு வைக்கிறார்கள்.

பதினைந்து நாள் கழித்து அவளை மட்டும் அழைத்தார்கள். இயக்குநர் அறை. காப்பாளர் ஒரு தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“ஒரு சின்னச் சிக்கல்,” என்றார் காப்பாளர். “இந்த ஒட்டுமீன் திமிங்கலத்து மேல மட்டும்தான் ஒட்டும், மனுஷன் மேல ஒட்டாது. எங்க புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“புத்தகத்துல எதை வெச்சு எழுதினாங்க மேடம்?”

“இந்த ஜாடியை வெச்சுத்தான். கொடுத்தவர் திமிங்கலம்னு பதிவேட்டுல இருந்துச்சே.”

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இயக்குநர் இரக்கத்தோடு முன்னால் சாய்ந்தார்.

“இப்படி யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, மீன் தப்பு. இல்ல, உங்கப்பா தப்பு. மீனுக்கு எண் கொடுத்து, முத்திரை வெச்சு, புத்தகமும் போட்டாச்சு. உங்கப்பாவுக்கு இன்னும் எண் கொடுக்கல. அப்ப எதைத் திருத்தறது சுலபம், நீங்களே சொல்லுங்க?”

அவள் அந்தத் தடித்த புத்தகத்தைப் பார்த்தாள். இயக்குநரே தொடர்ந்தார்.

“உங்கப்பா பொய் சொல்றாருன்னு நான் சொல்லவே இல்ல. அவர் கையில மீன் ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தா அந்தப் புத்தகத்துப்படி அவர் திமிங்கலம். ஆனா நீளம் பத்தல. நூத்தி அறுபத்திநாலு சென்டிமீட்டர்! பிறந்த குட்டிகூட அதை விடப் பெரிசு. நாங்க எவ்வளவு வளைஞ்சு கொடுத்தாலும் ஒரு எல்லை இருக்கில்லையா?”

“அப்ப என்ன சார் பண்றது?”

“ரெண்டு வழி. மனுவைத் தள்ளுபடி பண்ணலாம். பண்ணினா, நிரூபிக்கப்படாத குறிப்புன்னு அந்தத் துண்டுச்சீட்டையும் அவிழ்த்து எடுத்துடணும். ‘கொண்டுவந்தவர்: தெரியவில்லை’ன்னு புதுசு கட்டுவோம். இல்லேன்னா...” இயக்குநர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “கொடையாளர் தினத்துக்கு வர முடியாத கொடையாளருக்குப் பதிலா ஒரு பிரதிநிதி வந்து பாராட்டுப் பத்திரம் வாங்கிக்கலாம். உங்கப்பாவைத் திமிங்கலத்தோட பிரதிநிதியாப் போடறோம். மேடை, மாலை, கைத்தட்டல், எல்லாம் உண்டு. சுவருல பேரு மட்டும் திமிங்கலத்தோடது.”

அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மனுவைத் தள்ளிவிட்டால் நனைந்த ஆளும் போய்விடுவார். சில நாட்களாகவே அப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அருங்காட்சியகத்திலிருந்து முடிவு சொல்லும் கடிதம் வரத் தாமதமாக ஆக, அவர் தன் முன்கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். முந்தாநாள் சொன்னார்: “ஏன் பாப்பா, ஒருவேளை அது நான் கேட்ட கதையா இருக்குமோ? வேற யாராவது சொல்லி, நானே பண்ணின மாதிரி மனசுல தங்கிப்போச்சோ? அவங்கல்லாம் படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

மாமா சிரித்தபோதெல்லாம் அசையாத மனிதர்.

உறவு என்ற கட்டத்தில் அவள் ‘பிரதிநிதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் தாளை வாங்கிக்கொண்டபோது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “உங்கப்பாகிட்ட நீங்களே பதமா சொல்லிடுங்கம்மா” என்றார்.

அவள் வீட்டுக்குப் போனாள். அப்பா வாசலில் நின்றார். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நூல் அறுந்து எல்லாம் உதிர்ந்தன.

“மேடையில கூப்பிட்டுக் குடுக்கறாங்களாம்பா” என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கனத்தது.

அப்பா தன் முன்கையை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, “கேட்டியா? நடந்ததுதான். நடந்ததுதான்” என்றார், இரண்டு தடவை.

கொடையாளர் தினத்துக்காக அவள் அப்பாவுக்குப் புதுச்சட்டை தைத்தாள். காஜா ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். ஏதோ ஒரு பொத்தானில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது போல நாளைக் கடத்தினாள். ஏழு பொத்தானும் முடிந்துவிட்டன.

விழா காலை பத்து மணிக்கு. புது மண்டபம், வழவழப்பான தரை, திரை போட்டு மூடிய சுவர். ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு நாற்காலி. நாற்காலியில் பெயர் அட்டை. நாய்க்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று. திமிங்கலத்தின் அட்டை முதல் வரிசை நடுவில் இருந்தது. அதற்கு இரண்டு நாற்காலி போட வேண்டுமா என்று குழு ஒரு நாள் முழுக்க விவாதித்து, கொடையாளர் அனைவரும் சமம் என்று முடிவு செய்திருந்தது.

எழுத்தர் அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். அட்டையை மெதுவாக எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரால் முடிந்த உதவி. அப்பா கவனிக்கவில்லை, மூன்றாம் வரிசையில் மாமா உட்கார்ந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வந்திருந்தார். கையைத் தூக்கி ஆட்டினார். கேலியாக இல்லை.

இயக்குநர் பேசினார். “கொடுப்பவர்கள் பல வகை. சிலர் கேட்டால் கொடுப்பார்கள், சிலர் கேட்காமல் கொடுப்பார்கள். எங்கள் மிகச் சிறந்த கொடையாளர்கள், கொடுத்தோம் என்றே தெரியாதவர்கள். அவர்கள் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. பெயர் தவறாக இருக்கிறது என்று மனுப் போடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் திமிங்கலத்திடமிருந்து எங்களுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்.”

கைத்தட்டல். அப்பாவும் தட்டினார்.

திரை விலகியது. வழுவழுத்த கல்லில் எழுநூறு பெயர்கள், அகர வரிசையில். அப்பா கண்ணைச் சுருக்கித் தன் எழுத்தைத் தேடினார். அது தொடங்கும் இடத்தில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. இரண்டும் அவருடையவை அல்ல. மறுபடியும் மேலிருந்து தேடினார். அவர் பின்கழுத்து மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அது மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே மெல்ல அசைந்தது.

“அடுத்து,” என்று இயக்குநர் அட்டையைப் பார்த்து வாசித்தார், “ஒட்டுமீன், ஒன்று. கொடுத்தவர், திமிங்கலம். வர இயலாத காரணத்தால், திமிங்கலத்தின் சார்பில் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள, நனைந்த ஆள் ஒருவரை மேடைக்கு அழைக்கிறேன்.”

யாரும் எழவில்லை. எழுத்தர் வந்து அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா எழுந்தார். படி ஏறினார். மாலை போட்டார்கள். பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் தங்க எழுத்தில் இருந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதை மண்டபமே காத்திருந்து பார்த்தது. காப்பாளர் புகைப்படத்துக்காக அவரை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். நிமிர்ந்து நின்றார்.

“திமிங்கலத்தோட சார்பா ரெண்டு வார்த்தை பேசுங்க,” என்று இயக்குநர் மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். விழா அறிக்கையில் சேர்ப்பதற்காக ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அப்பா மைக்கின் முன்னால் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு அவர் பார்வை மகளிடம் வந்து நின்றது. அவள் எழுந்து நின்றாள். ‘அப்பா, நான்தான் கையெழுத்துப் போட்டேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவே வேண்டியதில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

மைக் உய்யென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. ஒரு நிமிடம் ஆயிற்று. இயக்குநர் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! திமிங்கலமாக இருந்தாலும் இப்படித்தான் நின்றிருக்கும்” என்றார். கைத்தட்டல் கூரையைத் தொட்டது. பேனாக்காரர் எழுதிக்கொண்டார்.

அப்பா மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பத்திரத்தை அதன் பக்கத்தில், ஓரம் மடங்காமல், நேராக வைத்தார். படி இறங்கினார். முதல் வரிசையைத் தாண்டி, மூன்றாம் வரிசையில் எழுந்து நின்ற மாமாவைத் தாண்டி, அவளைத் தாண்டி, வழவழத் தரையில் வழுக்கிவிடாமல் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்து, வெளியே போனார்.